ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்

மூட்டு வலி என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எங்கே வலிக்கிறது, ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். சிலர் உள்ளங்கையை முழுசாக முழங்கால் மேல் வைத்துச் சுற்றித் தடவுவார்கள். அது ஒரு வகை. சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குறிப்பாக ஒரு புள்ளியில் விரலை வைத்து, "இங்கேதாங்க, தொட்டாலே உயிர் போகுது" என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கையில் எக்ஸ்ரே இருக்கும், அதில் தேய்மானம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள், மாதக்கணக்கில் மாத்திரை ஓடியிருக்கும். ஆனால் அவர்கள் விரல் வைத்த இடம் மூட்டே கிடையாது, மூட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு சின்னப் பை.

நான் ஆரணியில் பிசியோதெரபி பார்க்கிறேன். பட்டு நெசவு ஊர். குழித்தறியில் நாள் முழுக்க உட்காருகிறவர்கள், தரையில் சம்மணம் போட்டுக் கை வேலை செய்கிற தையல்காரர்கள், பெங்களூர் சென்னை என்று போய் டைல்ஸ் போட்டுவிட்டு வருகிறவர்கள், அப்புறம் பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலை கிரிவலம் முடித்துவிட்டு நொண்டிக்கொண்டு வருகிறவர்கள். ஒருவர் எதை எங்கே அழுத்திக்கொண்டு பிழைக்கிறார் என்று தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பைகளின் வீக்கத்துக்கான வைத்தியம் பெரும்பாலும் அந்த ஆள் உட்காருகிற, படுக்கிற, முட்டி போடுகிற விதத்தை மாற்றுவதில்தான் இருக்கிறது. மாத்திரை அதற்குத் துணை, அவ்வளவுதான். ஒரு விதிவிலக்கு உண்டு. அது ஆபத்தான விதிவிலக்கு என்பதால் அதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கப்போகிறேன்.

அந்தப் பைக்குப் பெயர் பர்சா. நம் உடம்பில் ஏறத்தாழ 150 இருக்கின்றன. எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிற இடங்களில், அதன் மேல் தோலோ, தசையை எலும்போடு ஒட்டவைக்கிற தசைநாணோ உரசுகிற மாதிரி இருந்தால், நடுவில் ஒரு பர்சா இருக்கும். எண்ணெய் தடவிய பாலித்தீன் பையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் எப்படி வழுக்கிக்கொண்டு போகும், அதுதான் அதன் வேலை. உள்ளே தண்ணீர் ததும்பிக்கொண்டெல்லாம் இருக்காது, மெல்லிய படலமாகக் கொஞ்சம் வழுவழுப்பான திரவம், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும்போது தொட்டாலும் தெரியாது. எடின்பரோவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த இரண்டாம் அலெக்சாண்டர் மன்றோ 1788லேயே இந்தப் பைகளுக்காகத் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். அவ்வளவு பழைய சமாச்சாரம். ஆனால் இன்றைக்கும் 'மூட்டுக்குப் பக்கத்தில் பை வீங்கியிருக்கிறது' என்று சொன்னால் எதிரே இருப்பவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

எல்லாப் பைகளும் பிறவியிலேயே வருவதில்லை. தொடர்ந்து உரசுகிற இடத்தில் உடம்பே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். சம்மணம் போட்டே வேலை செய்கிற தையல்காரர் ஒருவரின் கணுக்கால் வெளிப்பக்க எலும்பைத் தொட்டுப் பாருங்கள், தோல் தடித்து, அடியில் மெத்தென்று ஒன்று நகரும். இறுக்கமான ஷூ போடுகிறவர்களுக்குக் கட்டைவிரல் அடியில் வருவதும் அப்படித்தான். வலிக்காத வரைக்கும் அதை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது.

தாங்கும் அளவை மீறி அழுத்தம் வரும்போதுதான் பிரச்சினை. பையின் உள்சுவர் தடித்து, திரவத்தைக் கூடுதலாகச் சுரந்து, வீங்கி, வலிக்க ஆரம்பிக்கும். பர்சைட்டிஸ் என்று டாக்டர் எழுதுவது இதைத்தான். ஊரில் "நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள், பரவாயில்லை, கிட்டத்தட்ட சரிதான். ஒரே ஒரு பலமான அடியாலும் வரும். யூரிக் அமிலப் படிகங்கள் போய்ப் படிவதாலும், முடக்குவாதம் போன்ற நோய்களாலும் வரும். கிருமி புகுந்தாலும் வரும்.

முழங்காலில் இருந்து ஆரம்பிக்கிறேன், கண்ணுக்குத் தெரிகிற வீக்கம் என்பதால். டைல்ஸ் போடுகிற ஒரு தம்பி வந்தார். முழங்கால் சில்லுக்கு நேர் மேலே, தோலுக்கு அடியில், அழுத்தினால் அமுங்குகிற வீக்கம். மூட்டுக்குள்ளே நீர் கோத்தால் முழங்கால் சுற்றிலும் பொதுவாக உப்பும், மடக்கவே முடியாமல் இறுகும். இவருக்கு அப்படி இல்லை, சில்லின் மேல் மட்டும்தான், மடக்கி நீட்ட முடிகிறது, கடைசியாக முழுசாக மடக்கும்போது மட்டும் தோல் இழுத்து வலிக்கிறது. சில்லுக்கு முன்னால் இருக்கும் பையின் வீக்கம். தரையில் முட்டி போட்டே நகர்கிறவர்கள் எல்லோருக்கும் வரக்கூடியது. பிரிட்டனில் மண்டியிட்டுக் கரி வெட்டிய சுரங்கத் தொழிலாளர்களுக்கு இது சகஜம், அங்கே தொழிலால் வரும் நோய் என்று அரசுப் பட்டியலிலேயே சேர்த்து நஷ்டஈடு கொடுக்கிறார்கள். நம் ஊரில் மேஸ்திரி "எண்ணெய் போட்டு நல்லா நீவி விடு, சரியாயிடும்" என்பார்.

அந்த நீவிவிடுதல்தான் எனக்கு அலர்ஜி. ஏற்கனவே அழுத்தத்தால் கோபம் கொண்ட ஒரு பையை இன்னும் அழுத்தித் தேய்த்தால் அது அடங்காது. வீட்டிலேயே ஊசியால் குத்தி நீரை எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

இங்கேதான் அந்த விதிவிலக்கு வருகிறது. முழங்கால் சில்லின் மேலும் முழங்கையின் நுனியிலும் இருக்கிற பைகள் தோலுக்கு ஒட்டி அடியில் இருக்கின்றன. சிமெண்ட் துகளோ டைல்ஸ் சில்லோ கீறிய ஒரு சின்னக் காயம் போதும், தோலில் இருக்கிற கிருமி உள்ளே போய்விடும். இந்த இரண்டு இடங்களில் வருகிற பர்சைட்டிஸில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிருமித் தொற்று என்றுதான் மருத்துவப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருப்பதுதான். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், தினமும் குடிக்கிறவர்களுக்கும், வேறு நோய்க்காக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம். வீக்கத்தின் மேல் தோல் சிவந்து சூடாக இருக்கிறதா, சிவப்பு சுற்றிலும் பரவுகிறதா, காய்ச்சல் குளிர் இருக்கிறதா, பக்கத்தில் ஆறாத கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தால்கூட அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அவர் ஊசியால் கொஞ்சம் திரவம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார், கிருமி இருக்கிறதா, யூரிக் அமிலப் படிகம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தொற்று என்றால் ஆன்டிபயாடிக் தேவை, சொன்ன நாள்வரைக்கும் முழுசாக. வலி குறைந்ததும் நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும், சில சமயம் அறுத்துச் சீழை வெளியேற்ற வேண்டிய நிலைக்கும் போகும். காயம் இருக்கிற தோல்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போட்டுக்கொண்டு வராதீர்கள், சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கவே முடியாமல் போய்விடுகிறது.

முழங்காலைத் துளிகூட அசைக்க விடாமல் வலி, உள்ளிருந்து வலி, கூடவே காய்ச்சல் என்றால் அது பையைத் தாண்டி மூட்டுக்குள்ளேயே தொற்று போயிருக்கலாம். அதற்குக் காலையில் பார்க்கலாம் என்றெல்லாம் காத்திருக்கக் கூடாது, இரவென்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, பயமுறுத்தல் முடிந்தது. தொற்று இல்லை என்று தெரிந்துவிட்டால் முழங்கால் பைக்கு வைத்தியம் எளிமையானது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். முட்டி போடக் கூடாது. வீக்கம் புதிதாக, சூடாக இருந்தால் ஐஸை ஒரு துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம், ஒரு நாளைக்குச் சில முறை. ஐஸ் வலியைக் கொஞ்சம் மரக்கச் செய்யும், நோயைக் குணப்படுத்தாது. வீட்டுப் பெரியவர்கள் உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம் என்பார்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் அது பழைய, சூடில்லாத, காலையில் இறுகிக் கிடக்கிற வலிக்கு. புதுசாக வீங்கிச் சிவந்த இடத்தில் சூடு வைக்காதீர்கள். லேசாக அழுத்துகிற மாதிரி ஒரு பேண்டேஜ் சுற்றலாம், கால் மரத்துப்போகிற அளவுக்கு இறுக்கக் கூடாது.

இப்போது இடுப்புக்கு வருகிறேன், இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், இதைத்தான் அதிகம் தவறாகவும் புரிந்துகொள்கிறார்கள். என் அத்தை ரொம்ப நாளாக "இடுப்பு நரம்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கேனில் முதுகெலும்பு வட்டு லேசாகத் துருத்தியிருப்பதாக வந்திருந்தது. அந்த வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் நிறையப் பேருக்கு அது வரும். விரலால் காட்டுங்கள் அத்தை என்றேன். தொடையின் வெளிப்பக்கம், பேண்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் விரலை வைத்தார். அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடுகிறது, மாடிப்படி ஏறினால் வலிக்கிறது, கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் சில அடிகள் நரகம். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன், அரை நிமிடம் தாண்டுவதற்குள் அதே இடத்தில் வலி வந்துவிட்டது. "படுத்தா வலிக்குதுன்னா படுக்காம இருக்க முடியுமாடி?" என்று என்னிடம் கோபப்பட்டார்.

முன்பெல்லாம் இந்த இடத்து வலி என்றாலே பர்சைட்டிஸ் என்று எழுதிவிடுவார்கள். அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் வந்து பார்த்தபிறகு தெரிந்தது என்னவென்றால், பை வீங்கியிருப்பது சிறுபான்மையினருக்குத்தான். பெரும்பாலானவர்களுக்குப் புட்டத் தசைகளின் நாண்கள் அந்த எலும்பில் வந்து ஒட்டுகிற இடத்தில் நலிந்துபோயிருக்கின்றன. பை வீங்கினாலும் அது பக்கவிளைவு மாதிரிதான். பெண்களுக்கு, அதுவும் 40 வயதிலிருந்து 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. நாண் நலிந்தது என்றால் ஓய்வு மட்டும் போதாது, அதைப் படிப்படியாக வலுவாக்க வேண்டும்.

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்த வலி இருந்த 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2018ல் வெளியானது. ஒரு குழுவுக்கு எப்படி நிற்க வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும் என்ற அறிவுரையும் உடற்பயிற்சியும். இன்னொரு குழுவுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி. மூன்றாவது குழுவுக்குப் பெரிதாக எதுவும் செய்யாமல் காத்திருப்பது. எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் 77 சதவீதம், ஊசிக் குழுவில் 58, காத்திருந்தவர்களில் 29. ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது பயிற்சி 79, ஊசி 58, சும்மா இருந்தவர்கள் 52. அதாவது ஒரு வருஷம் போனபிறகு ஊசி போட்டவரும் ஒன்றும் செய்யாதவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஊசிக்காக அடம்பிடிக்கிறவர்களிடம் நான் இந்த எண்களைத்தான் சொல்கிறேன், சிலர் கேட்கிறார்கள்.

அந்த அறிவுரைப் பகுதி நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்துகிறது. இடுப்பில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக இடுப்பைத் தள்ளி நிற்கிறோம் இல்லையா, குடத்தை வைத்தாலும் அதே நிலைதான், பஸ் ஸ்டாப்பில் ஒரு காலில் எடையைப் போட்டுச் சாய்ந்து நிற்பதும் அதேதான். அப்போது அந்த நாண் எலும்பின்மேல் இழுத்து நசுக்கப்படுகிறது. கால்மேல் கால் போட்டு உட்காருவதும் அப்படித்தான். தரையில் வெறும் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்தால் முழு எடையும் அந்த எலும்பு நுனியில் வந்து உட்காரும். பாயை விட வேண்டாம், அதன்மேல் ஒரு கெட்டி ஜமுக்காளமோ மெத்தையோ போடுங்கள். வலியில்லாத பக்கம் படுத்தாலும், மேல்கால் முன்னால் சரிந்து விழாமல் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கெட்டியான தலையணை ஒன்று வேண்டும். அத்தைக்கு நான் முதலில் கொடுத்தது இந்தத் தலையணைதான். இரவுத் தூக்கம் திரும்பி வந்ததும் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தார்.

பயிற்சிகள் பெரிய வித்தை இல்லை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தொடைகளைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, துண்டை வெளிப்பக்கம் தள்ளுகிற மாதிரி அழுத்திச் சில விநாடி நிறுத்துவது. அதே நிலையில் புட்டத்தை மெதுவாகத் தரையிலிருந்து தூக்கி இறக்குவது. அது பழகியபிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி எடுத்து வைப்பது, அப்புறம் ஒற்றைக்காலில் இடுப்பு சாயாமல் நிற்பது, படியில் ஒவ்வொரு அடியாக ஏறி இறங்குவது. செய்யும்போது லேசான வலி வரலாம், பத்துக்கு மூன்று நான்கு என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் முந்தின நாளைவிட மோசமாக இருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். யூடியூப் பார்த்துவிட்டு வலிக்கிற தொடையைக் குறுக்கே இழுத்து இழுத்து 'ஸ்ட்ரெச்' செய்கிறவர்கள் அதை நிறுத்தினாலே பாதி குறையும், ஏனென்றால் அந்த இழுப்பு நாணை இன்னும் எலும்பின் மேல் நசுக்குகிறது. இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

முழங்காலின் உள்பக்கம் இன்னொரு இடம் உண்டு. மூட்டு மடிப்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, கால் எலும்பின் உள்புறத்தில், மூன்று தசைகளின் நாண்கள் ஒன்றாக வந்து ஒட்டும். அதன் அடியில் ஒரு பை. பருமனான, சர்க்கரையும் இருக்கிற, நடுத்தர வயதுப் பெண்களுக்கு அங்கே வலிக்கும், படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும். எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானமும் தெரியும், இரண்டும் சேர்ந்தே இருப்பது உண்டு. எக்ஸ்ரேயில் பையும் தெரியாது, நாணும் தெரியாது, எலும்புதான் தெரியும். அதனால் பழி முழுக்க எலும்புக்குப் போகிறது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் பேச்சு போனவர்களில் சிலருக்கு அன்றாட வலியில் பெரும்பங்கு இந்த இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தொடைத் தசையை வலுவாக்கி, கொஞ்சம் எடை குறைத்து, அதே தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துப் படுத்தால் நன்றாகவே குறையும்.

தோளைப் பற்றிச் சுருக்கமாக. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஆரம்பத்தில் வலியில்லை, நடுவில் வலிக்கிறது, தலைக்கு மேல் போனதும் விட்டுவிடுகிறது என்றால் தோள் எலும்புக்கு அடியில் இருக்கிற பையும் நாணும் நசுங்குகின்றன என்று சந்தேகிக்கலாம். தறியில் நாடாக் கயிற்றை இழுத்து இழுத்து வேலை செய்கிறவர்களுக்கும், சுவரில் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கும் சாதாரணம். இதே இடத்தில் எலும்பைக் கொஞ்சம் சீவிவிடுகிற துளை அறுவை சிகிச்சை உலகம் முழுக்க லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. பிரிட்டனில் 313 நோயாளிகளை வைத்து, ஒரு குழுவுக்கு உண்மையான அறுவை, இன்னொரு குழுவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எலும்பைச் சீவாமல் வெளியே எடுப்பது என்று சோதித்தார்கள். 2018ல் வந்த முடிவு: இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையை நீங்களும் தூக்க முடியவில்லை, இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் போகவில்லை, பின்பக்கம் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை சீவ முடியவில்லை என்றால் அது தோள் உறைந்துபோகிற வேறு நோய். அதற்குப் போகிற பாதை வேறு, சீக்கிரம் காட்டினால் நல்லது.

முழங்கை நுனியில் வலியில்லாமல் தொங்குகிற வீக்கம் மேசையில் முழங்கையை ஊன்றி உட்காருகிறவர்களுக்கு வரும், ஊன்றாமல் இருந்தால் தானாக வற்றும், அவசரப்பட்டு அதற்குள் ஊசி போட வேண்டாம். பெருவிரல் மூட்டு எப்போதாவது நள்ளிரவில் சிவந்து துடித்த அனுபவம் இருந்தால் யூரிக் அமிலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குதிகால் பின்பக்கம் வலிப்பவர்கள் கிரிவலத்துக்குப் பிறகு வருவார்கள் என்றேன். 14 கிலோமீட்டர், வெறுங்கால், வருஷம் முழுக்க பஸ்ஸிலும் பைக்கிலும் போய்விட்டு ஒரே இரவில். நடக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஒரு மாதம் முன்னாலிருந்தே தினமும் கொஞ்சம் நடந்து பழகிவிட்டுப் போங்கள். குதிகால் நாணுக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள், அந்த நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

ஊசியையே நான் எதிர்ப்பதாக நினைக்க வேண்டாம். வலியால் தூங்கவே முடியாதவருக்கு, பயிற்சியே செய்ய விடாத வலி இருப்பவருக்கு, எலும்பு டாக்டர் பார்த்து, தொற்று இல்லை என்று உறுதி செய்து போடுகிற ஒரு ஊசி சில வாரங்கள் நிம்மதி கொடுக்கும், அந்த இடைவெளியில் பயிற்சியை ஆரம்பித்துவிடலாம். சர்க்கரை இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு எகிறும், அதை முன்கூட்டியே தெரிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வலிக்கும்போதெல்லாம் போய்ப் போட்டுக்கொண்டு வருவதுதான் கூடாது, நாணும் தோலும் மெலியும்.

மாத்திரை விஷயத்தில் எனக்குப் பாறு கழுகுகள் ஞாபகம் வரும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்குகிறோம் அல்லவா, அதே மருந்தை மாடுகளுக்கும் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்து செத்துப்போயின. 1990களில் ஆரம்பித்து 2007க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயின. 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள், மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போய்விடக் கூடாதென்று 2015ல் குப்பியின் அளவையே 3 மில்லிக்குக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் இன்று மிஞ்சியிருப்பவை மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம். மனித சிறுநீரகம் பாறின் சிறுநீரகம் அளவுக்கு மென்மையானதில்லை, ஒரு வாரம் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், அல்சர், ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமாகி இரத்தத்தில் கிரியாட்டினின் கூடியவர் என்று இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் எடுப்பது வேறு கதை. முழங்கால், முழங்கை போன்ற மேலோட்டமான இடங்களுக்கு அதே மருந்து ஜெல்லாகக் கிடைக்கிறது, உடம்புக்குள் போகிற அளவு மிகக் குறைவு. அழுத்தித் தேய்க்காமல் பூசினால் போதும்.

இன்னும் ஒன்று, பெயரில்லாத பொட்டலங்கள். "நாட்டு மருந்துதான், மூணு நாள்ல எழுந்து ஓடுவீங்க" என்று கொடுக்கிற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூன்று நாளில் ஓடவைப்பது அதுதான். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உள்ளுக்குள் மெலியும். நிறைய நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்த வேண்டும். முடக்கத்தான் தோசையும் கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பும் வேறு, தாராளமாகச் சாப்பிடுங்கள், எனக்கும் அந்தச் சூப் பிடிக்கும். சூப் குடித்துவிட்டு அதே முட்டியைப் போட்டு நாள் முழுக்க டைல்ஸ் ஒட்டினால் சூப் என்ன செய்யும்?

குழித்தறிக்காரர்களுக்கு வருவது வேறு இடத்தில். புட்டத்தின் அடியில், உட்காரும்போது பலகையில் படுகிற இரண்டு எலும்புகள். அங்கே இருக்கும் பை வீங்கினால் உட்காருவதே தண்டனை, தொடையின் பின்பக்கமும் வலி இறங்கும், அதையும் நரம்பு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்தால் அதிகமாகி, எழுந்து நடந்தால் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் விற்கிற மெல்லிய ஸ்பாஞ்ச் ஒரு மாதத்தில் அமுங்கிப் பலகையாகிவிடும், அடர்த்தியான ஃபோம் வாங்கி, இரண்டு எலும்பும் படுகிற இடத்தில் பள்ளம் வெட்டி வைத்தால் பரவாயில்லை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கச் சொல்வேன். சேலை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும், கூலி நெய்த சேலைக்குத்தானே, எழுந்து நின்ற நேரத்துக்கு யாரும் தர மாட்டார்கள். பாவு சரிசெய்கிற நேரம், டீ வருகிற நேரம் என்று வேலையோடு சேர்த்து எழுந்திருக்கச் சொன்னால் செய்கிறார்கள்.

பிசியோதெரபி என்றால் காசு என்று தயங்குகிறவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே போக முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அந்த டைல்ஸ் தம்பி கேட்டதையும் சொல்லிவிடுகிறேன், அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் இதையே கேட்பதால். "எப்பக்கா வேலைக்குப் போகலாம்?" சிவப்பும் சூடும் முழுசாகப் போய், அழுத்தினால் வலிக்காமல், முழங்கால் முழுசாக மடங்கினால் போகலாம். முழங்கால் பட்டை இல்லாமல் போகக் கூடாது. பைக் ஓட்டுகிறவர்கள் போடும் கடினமான கவசம் இதற்கு உதவாது, உள்ளே தடித்த ஃபோமோ ஜெல்லோ வைத்த, வியர்வை ஊறாமல் கழற்றித் துவைக்கக்கூடியதாக வாங்குங்கள், ஏனென்றால் ஊறிய தோல் வெடித்தால் கிருமிக்கு வழி. பட்டைக்குள்ளே சிமெண்ட் மணல் போனால் உடனே கழற்றித் தட்டுங்கள். ஒரே முட்டியில் நிற்காமல் இடையிடையே குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஒட்டுங்கள். வீக்கம் வற்றினபிறகும் பை கொஞ்சம் தடித்தே இருக்கும், விரலில் பட்டாணி மாதிரி சிறுசிறு உருண்டைகள் தட்டுப்படலாம், அதைப் பார்த்துப் பயந்து அறுவை சிகிச்சை கேட்க வேண்டாம். திரும்பத் திரும்ப தொற்று வந்தாலோ, மாதக்கணக்கில் எதற்கும் அடங்காமல் வீங்கினாலோதான் பையை எடுப்பதைப் பற்றி எலும்பு டாக்டர் யோசிப்பார்.